ஃபைபர் படகுக்கு விஎச்எஃப் ஏரியல் மாற்றுகிறீர்களா? எது வாங்கலாம், எது வேண்டாம்

படகு ரேடியோவான விஎச்எஃப் செட்டுக்கு ஏரியல் கேட்டுக் கடைக்குப் போனால் முதலில் எடுத்துக் கையில் தருவது 8 அடி வெள்ளைக் குச்சியாகத்தான் இருக்கும். வீல்ஹவுஸ் கூரையில் உறுதியாக நிறுத்த இடமுள்ள விசைப்படகுக்கு அது நல்ல சரக்கு. 26 முதல் 32 அடி வரை உள்ள ஃபைபர் வள்ளத்தின் பாடு வேறு. கரையலையை உடைத்துக்கொண்டு போகும்போது படகு முழுக்கத் தூக்கிப் போடும். வலை இழுக்கும்போது கயிறு எதிலாவது மாட்டும். திரும்பி வந்ததும் டிராக்டரில் கட்டிக் கரையேற்றுவார்கள். இப்படிப்பட்ட படகுக்கு எங்கள் தேர்வு, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள 3 டெசிபல் எவர்சில்வர் விப், அதாவது வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பி ஏரியல். அதை 2 மீட்டர் குழாயின் உச்சியில் ஏற்றி, அங்கிருந்து செட் வரை ஆர்ஜி-8எக்ஸ் கேபிள் இழுத்துவிட வேண்டும். 8 அடிக் குச்சியே மேல் என்று சொல்லக்கூடிய படகுகளும் உண்டு, அதற்குப் பிறகு வருவோம்.

பழையது உண்மையிலேயே போய்விட்டதா?

பணத்தை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவிட்டுச் சோதியுங்கள். 'கரைக்குக் கேட்கவில்லை' என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் குச்சிக்குள் இருக்காது. பேட்டரியில் இருக்கும், அல்லது கேபிள் முனையில் உள்ள பிஎல்-259 பிளக்கில் இருக்கும்.

முதலில் மின்சாரம். 25 வாட்டில் பேசும்போது செட் 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். மெலிந்த வயரும் துருப்பிடித்த ஃபியூஸ் ஹோல்டரும் இருந்தால் அந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். செட்டின் பின்புறத்தில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மைக் பட்டனை அழுத்திப் பாருங்கள். பேட்டரியில் 12.6 இருந்தும் செட்டில் 11.5-க்குக் கீழே போனால், ஏரியலை எத்தனை முறை மாற்றினாலும் குரல் தூரம் போகாது. கேட்பது தெளிவாக இருந்து, பேசுவது மட்டும் போகவில்லை என்றால் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

அடுத்து பிளக். கழற்றி உள்ளே பாருங்கள். நடு ஊசி பச்சையாகக் களிம்பேறி இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. பிளக்கிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் கேபிளின் மேல்தோலைக் கீறி உள்ளிருக்கும் பின்னலைப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் அங்கேயே வெட்டிப் புதுப் பிளக் போட்டால் போதும். கறுத்திருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. இன்னும் 30 செ.மீ. வெட்டிப் பாருங்கள். அங்கும் கறுப்பு என்றால் அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது. 8 அடிக் குச்சிகளில் கேபிள் உள்ளேயே வார்த்து வருவதால், அடிவரை கறுத்த கேபிள் என்றால் குச்சியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மல்டிமீட்டரில் நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே ஷார்ட் காட்டினால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடியில் சுருள் வைத்த பல விப்களில் அப்படிக் காட்டுவதே சரி. பின்னால் சொல்லப்போகும் மெட்ஸ் ஏரியல் அந்த வகை. ஏரியலைக் கழற்றிவிட்டு, கேபிளை மட்டும் தனியாகச் சோதிக்கும்போது ஷார்ட் இருக்கவே கூடாது.

அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஏரியலில் ஏறாமல் செட்டுக்கே திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் இருந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம், கவலை வேண்டாம். 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 2-ஐத் தாண்டினால் எங்கோ பழுது இருக்கிறது. 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோவுக்கு விற்கும் மலிவு மீட்டர் 156 மெகாஹெர்ட்ஸில் பொய் சொல்லும், அதை வாங்காதீர்கள். ஏரியலை அளக்கும் நானோவிஎன்ஏ என்ற சிறு கருவி இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அதில் ஏரியல் கேபிளை மட்டும்தான் இணைக்க வேண்டும். செட்டை அதில் இணைத்து மைக் பட்டனை அழுத்தினால் கருவி எரிந்துவிடும். சாதாரண எஸ்டபிள்யூஆர் மீட்டரில் சோதிக்கும்போது 1 வாட்டில், சில விநாடிகள் மட்டும், காலியாக உள்ள வேலைச் சேனலில் பேசுங்கள். 16-ஆம் சேனல் ஆபத்துக்கானது, 70-ஆம் சேனல் டிஎஸ்சி எனும் தானியங்கி டிஜிட்டல் அழைப்புக்கு உரியது. இரண்டையும் தொட வேண்டாம்.

டெசிபல் கணக்கு

ஏரியல் தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. செட் தரும் 25 வாட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. உருண்டை மாவைச் சப்பாத்தியாகத் தட்டினால் அகலம் கூடும், உயரம் குறையும். டெசிபல் எண் ஏற ஏற நடப்பதும் அதுதான். 9 டெசிபல் ஏரியல் தொடுவானத்தை நோக்கி மெல்லிய தகடாக அலையை வீசும். பெரிய கப்பலில் அது அருமையாக வேலை செய்யும். பக்கவாட்டில் 20, 25 பாகை ஆடும் சிறு படகில் அந்தத் தகடு ஒரு நொடி கடலுக்குள்ளும் மறுநொடி வானத்துக்கும் போய்விடும். எதிர்முனையில் உள்ளவருக்குக் குரல் விட்டு விட்டுக் கேட்கும். 3 டெசிபல் ஏரியல் மேலும் கீழும் அகலமாக வீசுவதால் படகு ஆடினாலும் குரல் அறுபடாது. பாய்மரப் படகுக்காரர்கள் உலகம் முழுக்க 3 டெசிபல் விப்பையே பாய்மர உச்சியில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

பெட்டியில் அச்சடித்த டெசிபலை ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. 156.8 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 1.91 மீட்டர், அதில் பாதி 96 செ.மீ. 2.4 மீட்டர் குச்சிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அரையலைக்கு மேல் அடுக்க இடம் கிடையாது. ஆகவே 8 அடி நீளத்துக்கு '9 டெசிபல்' என்று எழுதியிருந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி வைத்துவிடலாம்.

தூரத்தை நிர்ணயிப்பது உயரம். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். இரண்டு படகிலும் ஏரியல் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் 11.7 கி.மீ., இரண்டும் 4 மீட்டரில் இருந்தால் 16.5 கி.மீ. கரையில் 60 மீட்டர் கோபுரமும் படகில் 3 மீட்டர் ஏரியலும் இருந்தால் 39 கி.மீ., அதாவது ஏறக்குறைய 21 கடல் மைல். இந்த எல்லையை நம்பகமாகத் தாண்டவைக்கும் ஏரியல் எந்தக் கடையிலும் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்குக் கரையின் விஎச்எஃப் எச்சரிக்கை எட்டாமல் போனதற்கு இந்த எல்லையே பெரிய காரணம். 20 கடல் மைலுக்கு அப்பால் தொழில் செய்பவர்கள் செயற்கைக்கோள் வழி இயங்கும் டிரான்ஸ்பாண்டரையோ இஸ்ரோ உருவாக்கிய டிஏடி என்ற ஆபத்து அறிவிப்புக் கருவியையோ படகில் வைத்தே ஆக வேண்டும். ஏரியலுக்குக் கூடுதல் பணம் கொடுத்து அந்த வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கடையில் கிடைப்பவை

எவர்சில்வர் விப் வகையில் இரண்டைத் தயங்காமல் சொல்லலாம். ஷேக்ஸ்பியர் 5215, 36 அங்குலக் கம்பி, அடியில் குட்டையான பருத்த சுருள் பெட்டி, 3 டெசிபல். மெட்ஸ் மான்டா 6-உம் அதே அளவு, அதே வேலை. ஆயுள்கால உத்தரவாதத்தோடு வருவதால் விலையில் மெட்ஸ் கூடுதலாக இருக்கும். இரண்டுமே அரையலை ஏரியல்கள், அடியில் உலோகத் தகடு தேவையில்லை. ஃபைபர் படகுக்கு இதுதான் முக்கியமான தகுதி. வலைக்கயிறு மாட்டினால் கம்பி வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிரும். காற்று பிடிக்கும் பரப்பும் குறைவு.

இந்த விப்களின் பலவீனத்தையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். கேபிள் மாட்டும் சாக்கெட் சுருளின் அடியில், திறந்த வெளியில் இருக்கிறது. பிஎல்-259 என்பது தண்ணீர் புகாத பிளக் அல்ல. அங்கே டேப் சுற்றுவதில் சோம்பல் பட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் களிம்பேறிவிடும். சரியாக மூடினால் பல ஆண்டுகள் தொட வேண்டியதில்லை. கேபிள் கெட்டால் கேபிளை மட்டும் மாற்றலாம் என்பது இந்த அமைப்பின் பெரிய லாபம்.

8 அடிக் குச்சியில் ஷேக்ஸ்பியர் 5101 பரவலாகக் கிடைக்கும் அடிப்படை மாதிரி, 6 டெசிபல். உடன் வருவது 15 அடி ஆர்ஜி-58 கேபிள். 5225-எக்ஸ்டி அதைவிடக் கணிசமாக விலை கூடியது. 20 அடி ஆர்ஜி-8எக்ஸ் கேபிளும் வெயில் தாங்கும் கனமான பூச்சும் அதில் உண்டு. குச்சிதான் வேண்டும் என்றால் 5225-எக்ஸ்டிக்குப் பணம் கொடுப்பது நியாயம், ஏனென்றால் நம் கடற்கரை வெயிலில் முதலில் தோற்பது பூச்சு. பூச்சு தேய்ந்தால் கண்ணாடி நார் வெளியே வந்து, தொட்டவர் கையில் முள்ளாகக் குத்தும். தண்ணீரும் உள்ளே ஊறும். அப்படி நார் எழும்பிய குச்சி இன்னும் வேலை செய்கிறது என்றால், கையுறை போட்டு, ஈரமான மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்தபின் பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கை அடித்தால் இன்னும் சில காலம் ஓடும். அலுமினியத் தூள் கலந்த சில்வர் பெயின்ட்டை மட்டும் அதன்மேல் அடிக்கவே கூடாது, அது அலையை மறைக்கும்.

கூரை அல்லது கேபின் உள்ள படகு, ஜெட்டியில் கட்டி வைக்கும் படகு, குச்சிக்கு அடித் தாங்கியும் நடுத் தாங்கியும் கொடுக்க இடமுள்ள படகு என்றால் 8 அடிக் குச்சியை வாங்குங்கள். இணைப்பு எதுவும் வெளியில் இல்லாததால் பராமரிப்பு குறைவு.

வாங்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு. காருக்கும் டாக்சிக்கும் செய்த 136-174 மெகாஹெர்ட்ஸ் கால் அலைக் கம்பி. சுமார் 48 செ.மீ. இருக்கும், விலை மிகக் குறைவு. அது வேலை செய்ய அடியில் காரின் இரும்புக் கூரை வேண்டும். ஃபைபரில் வைத்தால் கேபிளின் பின்னலே ஏரியலின் மறுபாதியாகிவிடும். கேபிளைக் கொஞ்சம் நகர்த்தினாலே எஸ்டபிள்யூஆர் மாறும். லேபிளில் 156-162 அல்லது 156-163 மெகாஹெர்ட்ஸ் என்று இருப்பதை மட்டும் எடுங்கள். படகின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அனுப்பும் ஏஐஎஸ் கருவியின் அலைவரிசைகளும் அதில் அடங்கிவிடும்.

கேபிளும் பிளக்கும்

இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்கு ஆர்ஜி-58 சுமார் 20 டெசிபல் தின்னும், ஆர்ஜி-8எக்ஸ் சுமார் 15, ஆர்ஜி-213 சுமார் 9. வள்ளத்தில் ஓடும் 6 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 25 வாட்டில் ஆர்ஜி-58 வழியே மேலே சேர்வது 19 வாட், ஆர்ஜி-8எக்ஸ் வழியே 20, ஆர்ஜி-213 வழியே 22. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக விரல் தடிமனுள்ள ஆர்ஜி-213-ஐ வளைத்துக் கஷ்டப்படத் தேவையில்லை. 20 மீட்டர் ஓடும் பெரிய படகில் கதை மாறும். அங்கே ஆர்ஜி-58 போட்டால் 10 வாட்தான் மிஞ்சும்.

நஷ்டத்தைவிட முக்கியம், பின்னல் ஈயம் பூசியதா என்பது. வெறும் செம்புப் பின்னல் கடல் காற்றில் சீக்கிரம் கறுக்கும். கடையில் முனையைக் கொஞ்சம் உரித்துப் பார்த்து, பின்னலும் நடுக்கம்பியும் வெள்ளி நிறமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். டிவி கேபிள் 75 ஓம், விஎச்எஃப்-க்கு வேண்டியது 50 ஓம். தடிமன் ஒத்துப்போகிறது என்று மாட்டிவிடாதீர்கள். கேபிளை வெட்டிச் சுருக்கினால் ஏரியல் கெட்டுவிடும் என்ற பேச்சு படகுக்காரர்களிடையே இன்னும் இருக்கிறது. 50 ஓம் கேபிளைத் தேவைக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். மிச்சத்தை இறுக்கிச் சுருட்டிக் கட்டி வைப்பதுதான் கெடுதல்.

பிளக்கில் வெள்ளிப் பூச்சும் உள்ளே வெள்ளை டெஃப்லானும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பழுப்பு நிறப் பேக்கலைட் வைத்த நிக்கல் பிளக்கில் ஈயம் எளிதில் ஒட்டாது. ஆர்ஜி-8எக்ஸ் கேபிளுக்கு, பிளக்கின் வாயைக் கேபிள் அளவுக்குச் சுருக்கும் யூஜி-176 என்ற குறுக்கி சேர்த்து வாங்க வேண்டும். ஆர்ஜி-58 என்றால் யூஜி-175. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், துளை மட்டும் வேறு.

போடும் முறை இது. வெளி வளையத்தையும் குறுக்கியையும் முதலில் கேபிளில் நுழைத்துவிடுங்கள். மேல்தோலை 19 மி.மீ. உரியுங்கள், பின்னலில் கத்தி படக் கூடாது. பின்னலை விரித்துக் குறுக்கியின் மேல் மடித்து 10 மி.மீ. விட்டு மிச்சத்தை நறுக்குங்கள். உள்ளிருக்கும் வெள்ளை நுரையை 16 மி.மீ. நீக்கி நடுக்கம்பிக்கு ஈயம் பூசுங்கள். பிளக்கின் உடலைக் குறுக்கியில் திருகி ஏற்றுங்கள். பக்கத் துளைகள் வழியே பின்னலையும், முன் ஊசியில் நடுக்கம்பியையும் பற்றவையுங்கள். ரேடியோ ரிப்பேர் செய்யும் 25 வாட் இரும்பு இதற்குப் போதாது. அது பிளக்கின் உடலைச் சூடாக்க நேரமெடுத்துக்கொள்வதற்குள் உள்ளே நுரை உருகி, நடுக்கம்பி சரிந்து பின்னலைத் தொட்டுவிடும். 80 முதல் 100 வாட் இரும்பில் சட்டென்று சூடேற்றிச் சட்டென்று எடுக்க வேண்டும். ஆறியபின் மல்டிமீட்டரில் ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஏரியலில் மாட்ட வேண்டும்.

வெளியில் உள்ள இணைப்பை மூட, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை அதன் அகலம் பாதியாகும்வரை இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அதன்மேல் வெயிலுக்குக் கறுப்பு பிவிசி டேப் ஒரு சுற்று. வினிகர் வாடை வரும் சிலிக்கானை இங்கே பூசக் கூடாது, அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் கீழே இறங்கி வரும் வழியில், படகுக்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் விடுங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், செட் வரை வராது.

நிறுத்துவது

வலை இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், பின்பகுதியில், ஆள் உட்காரும் இடத்திலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி இடம் பாருங்கள். அடியில் சாய்த்துப் படுக்கவைக்கும் பற்சக்கரத் தாங்கி வேண்டும், எவர்சில்வர் 316 தரம். இந்தத் தாங்கிகளில் பெரும்பாலானவை 1 அங்குலம் விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் கொண்டவை. நீட்டிப்புக் குழாய், ஜிபிஎஸ் ஏரியல் எல்லாம் அதே மரையில் வருவதால் பின்னால் மாற்றுவதும் எளிது. தாங்கியின் மேல் 2 மீட்டர் குழாய், அதன் உச்சியில் விப். படகின் விளிம்பு தண்ணீரிலிருந்து 1 மீட்டர் என்றால் விப்பின் நடுப்பகுதி 3.5 மீட்டரில் நிற்கும். 8 அடிக் குச்சியை அதே விளிம்பில் நேரடியாக வைத்தால் நடுப்பகுதி 2.2 மீட்டர்தான். விப் ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

தாங்கியை மரத்திருகாணியால் ஃபைபரில் முடுக்கினால் கரையலையில் நாலு முறை தூக்கிப் போட்டதும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 6 மி.மீ. எவர்சில்வர் போல்ட் நான்கு, உள்பக்கம் ஃபைபருக்குப் பின்னால் 6 மி.மீ. கனமுள்ள தகடு அல்லது மரைன் பிளைவுட், நைலான் பூட்டு நட்டு. துளைகளின் ஓரத்தில் சீலன்ட் பூசாவிட்டால் ஃபைபர் அடுக்குக்குள் தண்ணீர் இறங்கும். 2 மீட்டர் குழாய் அடியில் மட்டும் பிடித்து நின்றால் பற்சக்கரத்தின் பல் தேயும். விளிம்பிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் கழற்றக்கூடிய ஒரு கொக்கித் தாங்கி கொடுங்கள். கரையேற்றும்போது கொக்கியை விடுவித்துப் படுக்கவைத்துவிடலாம்.

விப்பின் பக்கத்தில் அதே உயரத்தில் விளக்குக் கம்பமோ இரும்புக் கம்பியோ இணையாக நிற்கக் கூடாது. கொடியை அதில் கட்டுவதும் வேண்டாம். காற்றில் கொடி இழுக்கும் இழுப்பு சுருளின் அடியில்தான் விழும். இன்னொரு விஎச்எஃப் ஏரியல் அல்லது ஏஐஎஸ் ஏரியல் இருந்தால் 1 மீட்டருக்கு மேல் இடைவெளி விடுங்கள். செட்டின் ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் திசைகாட்டியிலிருந்து அதையும் 1 மீட்டர் தள்ளியே பொருத்துங்கள்.

மாட்டி முடித்ததும் எஸ்டபிள்யூஆர் எண்ணை 156, 157, 162 மெகாஹெர்ட்ஸ்களில் எடுத்துச் செட்டின் அடியில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே எண் 1.3-லிருந்து 1.8-க்கு ஏறியிருந்தால், கடலில் குரல் அறுபடுவதற்கு முன்பே டேப்பைப் பிரித்துப் பார்த்துவிடலாம். கூடவே, பிளக் மாட்டிய ஒரு சிறு ரப்பர் ஏரியலை செட்டின் பக்கத்தில் உலர்ந்த டப்பாவில் போட்டு வையுங்கள். குழாய் முறிந்தாலும் அதை நேராகச் செட்டின் பின்னால் திருகி, 1 வாட்டில் பக்கத்துப் படகைக் கூப்பிட முடியும். செல்போன் சிக்னல் எட்டும் தூரம் என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் அந்த டப்பாவின் மூடியிலேயே எழுதி வையுங்கள்.